ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்துத் தூங்கிவிட்டேன்: இப்போது வெள்ளையாக வெந்திருக்கிறது

மெய்ப்புக்காரன் எழுதியது:

வணக்கம். அச்சுக்குப் போகும் நூல்களின் மெய்ப்பைத் திருத்துவது என் தொழில். வயது 46. ஊரார் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துக்காட்டிப் பிழைக்கிறவன், முந்தாநாள் இரவு என் வாய்க்குள்ளேயே வரிசையாக மூன்று பிழைகளைச் செய்துவைத்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். தெரிந்தவர்கள் சுழித்துக்காட்டுங்கள்.

வலது பக்கம், கீழ்வரிசை, ஞானப்பல்லுக்கு முன்னால் இருக்கும் கடைவாய்ப்பல். அதில் பழைய சொத்தை ஒன்று. அடைத்திருந்த சிமெண்டின் ஓரம் பெயர்ந்து சில மாதங்களாகின்றன. குளிர்ந்த நீர் பட்டால் சுரீரென்று இழுக்கும், பிறகு உடனே அடங்கிவிடும். அடங்கிவிடுகிறதே என்று நானும் விட்டுவிட்டேன். முந்தாநாள் படுத்த ஐந்தாவது நிமிடம் பல் துடிக்க ஆரம்பித்தது. எழுந்து உட்கார்ந்தால் தணிகிறது. படுத்தால் காதுவரை ஏறுகிறது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருமணி வரை ஓட்டினேன்.

வீட்டில் ஆஸ்பிரின் இருந்தது. விழுங்கினால் வயிற்றைச் சுற்றிக்கொண்டு பல்லுக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகுமோ. வலிக்கிற இடத்திலேயே வைத்தால் சீக்கிரம் கேட்கும் என்று ஒரு கணக்குப் போட்டேன். ஒரு முழு மாத்திரையை அந்தப் பல்லின் ஓரமாக, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் செருகிக்கொண்டேன். சுண்ணக்கட்டி கரைவதுபோல் கரைந்தது. புளிப்பும் கசப்புமாக ஒரு சுவை. அப்புறம் எரிச்சல். எரிகிறதென்றால் மருந்து வேலை செய்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மூன்று மணிவாக்கில் தூங்கியும்விட்டேன். இது முதல் பிழை.

காலையில் நாக்கால் தடவினால் அந்த இடத்தில் ஈரக்காகிதம் ஒட்டினாற்போல் இருந்தது. சட்டைப்பை விளக்கை அடித்துக் கண்ணாடியில் பார்த்தேன். ஈறு வெளுத்துச் சுருங்கியிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதைதான். உடனே ஒரு பஞ்சுருண்டையில் கிராம்புத் தைலத்தை நன்றாக நனைத்து, அந்த வெள்ளையின் மேலேயே இருபது நிமிடம் வைத்தேன். இரண்டாவது பிழை. பிறகு கிருமி இருந்தால் சாகட்டும் என்று காரமான வாய்க்கொப்புளிப்பான் ஒன்றை நிறைய ஊற்றிக் கொப்புளித்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. மூன்றாவது.

இப்போதைய நிலை: இரண்டு பல்லின் அகலத்துக்கு வெள்ளைத் திட்டு. எதிரே கன்னத்தின் உட்புறத்திலும் அதன் நகல்போல ஒரு சிறு திட்டு. சுற்றிலும் செக்கச்சிவந்த ஓரம். ஒரு மூலையில் தோல் லேசாகக் கிளம்பியிருக்கிறது, அதற்குக் கீழே பச்சைப்புண். உப்பு பட்டால் உயிர் போகிறது. காய்ச்சல் இல்லை, முகம் வீங்கவில்லை, விழுங்க முடிகிறது, வாயையும் முழுதாகத் திறக்க முடிகிறது.

கேள்விகள்: கிளம்பிய தோலை உரித்துவிடலாமா? ஈறு பழையபடி வளருமா, இல்லை தேய்ந்து பல் வெளியே தெரியுமா? என்ன தடவுவது? கடைசியாக, கேட்க வெட்கமாக இருக்கிற ஒன்று: வாயில் வெள்ளைத் திட்டு என்று தேடினாலே புற்றுநோய் என்றுதான் வருகிறது. நேற்று இரவு பல்வலியால் விழித்திருந்தேனா, அதைப் படித்துவிட்டு விழித்திருந்தேனா என்று எனக்கே தெரியவில்லை.

(‘ஈறில்’ என்று எழுதியிருக்கிறேன். ‘ஈற்றில்’ என்று எழுதினால் ‘முடிவில்’ என்று பொருள்பட்டுவிடும். இலக்கணம் அறிந்தவர்கள் பொறுத்தருள்க.)

---

கைமருந்து எழுதியது:

நண்பரே, பயப்படாதீர்கள். ஒரு பல் பூண்டை நசுக்கி அந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொள்ளுங்கள். கிருமியும் போகும், வலியும் போகும். எரிச்சல் தாங்கவில்லையென்றால் பனிக்கட்டியை நேரே ஈறில் வைத்து மரத்துப்போகும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

---

குறடு எழுதியது:

மெய்ப்புக்காரரே, முதலில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். இனி அந்த இடத்தில் எதையும் வைக்காதீர்கள். பூண்டையும்தான்.

கைமருந்து அவர்களுக்கு: நல்லெண்ணத்தில் சொல்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் நசுக்கிய பச்சைப்பூண்டு தானே புண்ணாக்கும் பொருள். தோலில் கட்டிவைத்தால் கொப்புளமே எழும்பும். வெந்த ஈறின் மேல் அதை வைப்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது. பனிக்கட்டியை நேராக அழுத்திப் பிடித்தால் குளிரும் சுடும். குளிர்ந்த நீரை வாயில் வைத்திருந்து துப்புவது வேறு, பனிக்கட்டியை ஒட்டிவைப்பது வேறு. கன்னத்துக்கு வெளியே துணியில் சுற்றி ஒற்றலாம், அவ்வளவுதான்.

நான் 31 ஆண்டுகள் பல் பிடுங்கியும் காப்பாற்றியும் ஓய்வு பெற்றவள். நீங்கள் சொல்கிற இந்த வெள்ளைத் திட்டை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. பெரும்பாலும் திங்கட்கிழமைக் காலைகளில் வரும். சனி இரவு வலி, ஞாயிறு விடுமுறை, வீட்டில் ஒரு மாத்திரை. கன்னத்தை ஒதுக்கிப் பார்த்ததும் “மாத்திரையை எவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள்?” என்று கேட்டால், எனக்கு எப்படித் தெரிந்தது என்று விழிப்பார்கள்.

நடந்தது இதுதான். ஆஸ்பிரின் ஓர் அமிலம், பெயரிலேயே இருக்கிறது: அசிட்டைல்சாலிசிலிக் அமிலம். அதை ஈரமான மென்சவ்வில் ஒட்டவைத்தால் மேலடுக்கில் இருக்கும் புரதம் உறைந்துபோகிறது. முட்டையின் வெள்ளைக்கரு சட்டியில் பட்டதும் தெளிவு போய் வெளுத்துக் கெட்டிப்படுகிறதல்லவா, அதேதான். நீங்கள் பார்க்கிற வெள்ளை, செத்த மேல்தோல். கன்னத்தில் தெரியும் நகல், மாத்திரையின் மறுபக்கம் பட்ட இடம். தீயில்லாமல் சுட்ட புண், ரசாயனச் சுடுபுண் என்போம்.

“வலிக்கிற இடத்தில் வைத்தால் சீக்கிரம் கேட்கும்” என்ற உங்கள் கணக்கு எங்கே பிசகியது? உங்களுக்கு வலித்தது ஈறு அல்ல. பல்லின் நடுவில் ஒரு சிறு அறைக்குள் நரம்பும் ரத்தநாளமும் நிறைந்த கூழ் இருக்கிறது, வீங்கியது அது. அந்தக் கூழுக்கும் உங்கள் மாத்திரைக்கும் நடுவில் இருந்தது கெட்டிச்சுவர். ஆஸ்பிரின் வயிற்றிலும் குடலிலும் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தோடு போய், அழற்சி இருக்கும் இடத்தில் வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியைத் தடுத்தால்தான் வலி தணியும். மூன்று மணிக்கு நீங்கள் தூங்கினீர்களே, அது ஈறில் வைத்ததால் அல்ல. கரைந்ததை எச்சிலோடு விழுங்கியதால்தான் இருக்கும். விழுங்கியிருந்தால் அந்தத் தூக்கம் புண்ணில்லாமலே கிடைத்திருக்கும்.

கிராம்புத் தைலத்தில் பெரும்பகுதி யூஜினால் என்கிற பொருள். நரம்பை மரக்கச் செய்யும், உண்மை. நாங்களே அதைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிக அடைப்பாகப் பல்லின் குழிக்குள் வைப்பதுண்டு. நீர்க்காத தைலத்தைப் பஞ்சில் நனைத்து ஈறின் மேல் வைப்பது வேறு, அது திசுவைச் சுடும். மூன்றாவதாக நீங்கள் ஊற்றியதில் ஆல்கஹால் இருந்திருக்கும். பச்சைப்புண்ணில் சாராயம் ஊற்றினால் கண்ணில் நீர் வராமல் என்ன செய்யும்?

இனி உங்கள் கேள்விகள்.

தோலை உரிக்காதீர்கள். நாக்கால் நோண்டவும் வேண்டாம். (நோண்டுவீர்கள், தெரியும். குறைத்துக்கொள்ளுங்கள்.) அது செத்த தோலானாலும் கீழே இருக்கும் புண்ணுக்கு இப்போது அதுதான் கட்டுத்துணி. சில நாட்களில் தானே பெயர்ந்து கொப்புளிக்கும் நீரோடு வந்துவிடும். வந்த இடம் சிவந்து, தொட்டால் எரியும். பயப்படாதீர்கள். வாய்க்குள் காயம் மற்ற இடங்களைவிட வேகமாக ஆறும். மேலோட்டமான புண் என்றால் ஒரு வாரம் பத்து நாள், ஆழம் கூடுதல் என்றால் இரண்டு வாரத்துக்கும் மேல்.

ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு பட்டால் உயிர் போகிறது என்கிறீர்கள், அது உணவிலுள்ள உப்பு. இந்த அளவு நீர்த்தால் பொறுக்கும். பொறுக்கவில்லையென்றால் முதல் இரண்டு நாள் வெறும் நீர் போதும். காரி உமிழாமல், தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து நீரை அலையவிட்டு மெல்லத் துப்புங்கள். நாளைக்கு நான்கு முறை, சாப்பிட்ட பிறகு கட்டாயம். உணவு மென்மையாக, ஆறியதாக இருக்கட்டும். காரமும் புளிப்பும் மொறுமொறுப்பும் புகையும் மதுவும் ஆறும்வரை வேண்டாம். மற்ற பற்களை வழக்கம்போல் துலக்குங்கள், புண்ணிருக்கும் இடத்தில் மட்டும் தூரிகை படாமல். புண் இருக்கிறது என்று வாய் முழுவதையும் துலக்காமல் விடுகிறவர்கள் உண்டு. அழுக்குப் படிந்தால் ஈறு இன்னும் வீங்கும்.

வலிக்குப் பாராசிட்டமால், விழுங்க. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மி.கி., வேளைக்கு வேளை குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 4000 மி.கி.யைத் தாண்டக்கூடாது. கல்லீரல் கோளாறோ மதுப்பழக்கமோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். புண்ணில் தடவ, மரக்கச்செய்யும் லிடோகெயின் கலந்த களிம்பு கிடைக்கும், சாப்பிடுவதற்கு முன் மிகச் சிறிதளவு தடவலாம். கிருமிகளைக் கொல்லும் குளோர்ஹெக்சிடின் கொப்புளிப்பான் தேவையா என்பதை நேரில் பார்ப்பவர் சொல்லட்டும். நாள்பட்டால் பல்லைப் பழுப்பாக்கும். ஆல்கஹால் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை இந்தப் புண்ணுக்குத் தேவையே இல்லை.

ஈறு தேயுமா? நீங்கள் விவரிக்கிறபடி மேலோட்டமாக இருந்தால் தேயாது, அடையாளமே தெரியாமல் மூடிவிடும். நாள்கணக்கில் திரும்பத் திரும்ப மாத்திரை வைத்தவர்களுக்கு ஈறின் விளிம்பு கரைந்து வேர் தெரிந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரே இரவு என்பதால் தப்பித்தீர்கள்.

புற்றுநோய் பயம்: இரவு மாத்திரை வைத்து, காலையில் அதே வடிவத்தில் வெளுத்த திட்டுக்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். சந்தேகப்பட வேண்டிய வெள்ளைத் திட்டு, காரணம் சொல்ல முடியாதது, வழித்தால் வராதது, வாரங்கள் ஆனாலும் இருந்த இடத்திலேயே இருப்பது. உங்களுடையது இரண்டு வாரம் கழித்தும் மாறாமல் இருந்தால் அப்போது கட்டாயம் காட்டுங்கள். முகம் வீங்கினாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே.

கடைசியாக, நீங்கள் கேட்காத கேள்வி. ஈறு தானே ஆறும். பல் ஆறாது. படுத்தால் துடிக்கிற, யாரும் தொடாமல் தானாக வருகிற வலி, கூழ் மீளமுடியாத நிலைக்குப் போய்விட்டதன் அறிகுறி. சூடு பட்டால் வலி நீடித்து, குளிர்ந்த நீரால் அடங்குகிறதா என்று கவனியுங்கள், அடங்கினால் சந்தேகமே வேண்டாம். ஓரிரு நாளில் வலி சட்டென்று நின்றும்போகலாம். குணமாகிவிட்டது என்று கொண்டாடிவிடாதீர்கள். நரம்பு செத்தால் வலி நிற்கும், பிறகு வேர்நுனியில் சீழ் கட்டும். வெள்ளைத் திட்டைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் நாளைக் காலையே பல்மருத்துவரிடம் போங்கள். ஆஸ்பிரின் எடுத்ததையும் சொல்லுங்கள். அது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் வேலையை ஒரு வாரத்துக்கும் மேல் குறைத்துவைக்கும், பல்லைப் பிடுங்க நேர்ந்தால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

---

வெண்பல் எழுதியது:

குறடு அம்மா எழுதியதைப் படித்ததும் எனக்கு நடந்ததும் அதே இனம் என்று புரிந்தது. பல்லை வெளுக்கவைக்க, என் பல்வரிசைக்கு அளவெடுத்துச் செய்த மெல்லிய தட்டும், 16 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு கூழும் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு பல்லுக்கும் அரிசிமணி அளவு என்று சொன்னார்கள். திருமணத்துக்கு நான்கு நாட்களே இருந்தன. அளவைக் கூட்டினால் நாளைக் குறைக்கலாம் என்று தட்டு நிறையப் பிதுக்கி மாட்டிக்கொண்டு படுத்துவிட்டேன். காலையில் மேல் ஈறின் விளிம்பு முழுவதும் சுண்ணாம்புக் கோடு இழுத்ததுபோல் வெள்ளை. கழுவக் கழுவப் போகவில்லை. அழுதே விட்டேன்.

தட்டைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் நீரால் கொப்புளித்தபடி இருந்தேன். மாலைக்குள் வெள்ளை மங்கி, மறுநாள் பழைய நிறம் வந்துவிட்டது. இரண்டு நாள் பல்கூச்சம் மட்டும் மிஞ்சியது. பிறகு தட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஓரம் ஈறின் மேல் ஏறியிருக்கிறது என்று அதைக் கொஞ்சம் வெட்டிச் சரிசெய்தார்கள். மருத்துவரே நாற்காலியில் வைத்துச் செய்யும்போது 35 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுகூடப் போடுவார்களாம். ஆனால் அதற்கு முன் ஈறின் மேல் ஒரு பசையைத் தடவி, நீலவிளக்கால் கெட்டியாக்கி மூடிவிடுவார்கள். என் தங்கைக்குச் செய்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன். மூடும் வேலைக்கு எடுத்த நேரம்தான் அதிகம்.

மெய்ப்புக்காரர் அண்ணா, உங்களுடையது இதைவிட ஆழம் போலிருக்கிறது. பார்த்துக்கொள்ளுங்கள்.

---

மென்னகை எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் மாத்திரையும் வைக்கவில்லை, சூடாக எதையும் குடிக்கவும் இல்லை. ஆனாலும் காலையில் கன்னத்தின் உட்புறமும் ஈறின் ஓரமும் வெண்ணிற நூல்நூலாக உரிகின்றன. வலி இல்லை. இதுவும் வெந்ததுதானா?

---

குறடு எழுதியது:

மென்னகை, அண்மையில் பற்பசையை மாற்றினீர்களா? நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, மேல்தோல் இப்படி மெல்லிழையாக உரியும். அது இல்லாத பற்பசைக்கு மாறி இரண்டு வாரம் பாருங்கள். காரமான கொப்புளிப்பான் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

ஆனால் ஈறே செக்கச்சிவந்து, துலக்கினால் உரிந்து ரத்தம் கசிந்து, கொப்புளமும் வந்தால் அது பற்பசை விவகாரம் அல்ல. லைக்கன் பிளானஸ், பெம்பிகாய்டு என்று உடலின் எதிர்ப்பாற்றலே தன் சவ்வைத் தாக்கும் நோய்கள் இருக்கின்றன, சிறு துண்டு எடுத்து ஆய்வுக்கு அனுப்பித்தான் கண்டுபிடிப்போம். இன்னொரு வகையும் உண்டு: வாய் முழுக்க மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியும், பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. எரிவாய் நோய் என்பார்கள். அவர்களிடம் “ஒன்றுமில்லை” என்று சொல்லி அனுப்புவதுதான் நாங்கள் செய்கிற பெரிய தவறு.

---

இரவுச்செவிலி எழுதியது:

அவசரப் பிரிவில் இரவுப்பணி பார்க்கிறேன். பெரியவர்களுக்கு வாய் வெந்துபோவது பெரும்பாலும் சூட்டால்தான். குறிப்பாக நுண்ணலை அடுப்பில் சூடாக்கியது. வெளியே வெதுவெதுப்பாக இருக்கும், நடுவில் கொதித்துக்கொண்டிருக்கும். மேலண்ணத்திலும் முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் ஈறிலும் ஒட்டிக்கொண்டால் கொப்புளம் நிச்சயம். உடனே துப்பிவிட்டு, குளிர்ந்த நீரை ஒரு வாய் எடுத்து வைத்திருந்து துப்புங்கள், மீண்டும் எடுங்கள். பத்து நிமிடமாவது இதையே செய்யுங்கள். முதல் சில நிமிடங்களில் செய்கிற இந்த வேலைக்கு ஈடாக அப்புறம் தடவுகிற எந்தக் களிம்பும் நிற்காது. குழந்தையின் பால்புட்டியை அந்த அடுப்பில் சூடாக்கவே வேண்டாம். புட்டி கைக்குச் சுடாது, பால் சுடும்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வரும். மின்கம்பியைக் கடித்த குழந்தைக்கு உதட்டோரத்தில் சாம்பல்நிறமாக ஒரு சிறு புண்தான் தெரியும், அழுகைகூட நின்றிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள். ஒரு வாரம் கழித்து அந்தச் செத்த தோல் விழும்போது உதட்டு ரத்தக்குழாய் திறந்து கொட்டும். சின்னப் புண்ணானாலும் அன்றே காட்டவேண்டும்.

காரமான சுத்திகரிப்புத் திரவத்தை வாயில் வைத்துவிட்டால் நிறைய நீரால் வாயைக் கழுவுங்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள், போன வழியே திரும்பி வந்து இரண்டாம் முறை சுடும். அமிலத்துக்கு மாற்று, காரத்துக்கு மாற்று என்று எதையும் ஊற்றவும் வேண்டாம். காரம் அமிலத்தைவிட ஆழமாக இறங்கும். எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகவிட்டாலோ, குரல் கரகரத்தாலோ, மூச்சு இழுத்தாலோ, ஒரு நிமிடமும் யோசிக்காமல் கிளம்புங்கள். பொத்தான் அளவு மின்கலத்தை விழுங்கியிருந்தாலும், விழுங்கியதாகச் சந்தேகம் இருந்தாலும் அப்படித்தான். இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைச் சுட்டுவிடும்.

பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் பென்சோகெயின் கலந்த மரக்கச்செய்யும் களிம்பைத் தடவும் வழக்கம் இன்னும் போகவில்லை. இரண்டு வயதுக்குள் அது கூடவே கூடாது. ரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடும். அரிது, வந்தால் ஆபத்து. ஆஸ்பிரினும் குழந்தைகளுக்கு இல்லை.

---

கைமருந்து எழுதியது:

குறடு அம்மா, பூண்டுக்குச் சுடும் குணம் உண்டு என்று என் மனைவியும் சொன்னாள். கையில் கட்டிக்கொண்டு சோதித்துப் பார்த்தேன். அரைமணி நேரத்தில் சிவந்துவிட்டது. இனிமேல் சொல்லமாட்டேன்.

---

குறடு எழுதியது:

சோதிக்கச் சொல்லவில்லையே! கழுவினீர்களா?

---

மெய்ப்புக்காரன் எழுதியது:

பன்னிரண்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

மறுநாள் காலையிலேயே போனேன். மருத்துவர் இளைஞர். கன்னத்தைக் கண்ணாடியால் ஒதுக்கினார், ஒரு விநாடி பார்த்தார். “மாத்திரையா?” என்றார். குறடு அம்மா சொன்னதுபோலவே நானும் விழித்தேன். எக்ஸ்ரேயில் பழைய அடைப்பின் அடியில் கறுப்பாகக் குழிந்து கூழறைவரை போயிருந்தது. பிடுங்க வேண்டாம், வேர் சிகிச்சை செய்து காப்பாற்றலாம் என்றார்.

வெந்த ஈறின் பக்கத்திலா ஊசி என்று எனக்குக் கைகால் உதறியது. அவர் அங்கே குத்தவே இல்லை. இன்னும் பின்னால், தாடை மடங்கும் இடத்துக்கு அருகே நரம்பு நுழையும் வாயிலில் போட்டார். பாதி உதடு மரத்துப்போனது. பிறகு ஒரு பச்சை ரப்பர்த் திரையைப் பல்லைச் சுற்றி விரித்தார். அதைப் பிடித்துவைக்கும் கவ்வியை வெந்த பகுதியில் மாட்டாமல் பின்னால் இருந்த ஞானப்பல்லில் மாட்டினார். இவ்வளவு சிரமப்பட்டு இந்தத் திரை எதற்கு என்று வாய் மூட முடியாமலே கேட்டேன். வேர்க்குழாயைக் கழுவச் சோடியம் ஹைப்போகுளோரைட்டு ஊற்றப்போகிறாராம், துணி வெளுக்கும் திரவத்தில் இருப்பது. “திரை இல்லாமல் அது கசிந்தால், நீங்கள் செய்துகொண்டதை நான் செய்தவனாவேன்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க வசதியில்லை. குழாயைத் திறந்து சுத்தம் செய்து மருந்து வைத்து மூடினார். அன்று இரவு, எத்தனை நாளுக்குப் பிறகோ, படுத்துத் தூங்கினேன்.

ஈறின் கதை: ஐந்தாம் நாள் காலை உப்புநீரைத் துப்பியபோது சுண்டுவிரல் நகம் அளவுக்கு அந்த வெள்ளைத்தோல் தொட்டியில் வந்து விழுந்தது. விளிம்பெல்லாம் சுருண்டு, ஊறிய வெங்காயச் சருகுபோல இருந்தது. விழுந்த இடம் செம்பருத்திச் சிவப்பு. அன்றும் மறுநாளும்தான் எரிச்சல் உச்சம். பேச்சையே குறைத்துக்கொண்டேன், வீட்டில் அதை ஒரு பயனாகவே கருதினார்கள். எட்டாம் நாள் ஓரங்களிலிருந்து இளஞ்சிவப்பு உள்நோக்கி வர ஆரம்பித்தது. கன்னத்துத் திட்டு அதற்கு முன்பே மறைந்துவிட்டது. இன்று பார்த்தால் எந்த இடம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. நாக்குக்கு மட்டும் தெரிகிறது. கொஞ்சம் வழவழப்பாக இருக்கிறது. ஈறின் விளிம்பு இறங்கவில்லை.

மாத்திரை அட்டையின் முதுகில் சிவப்பு மையால் ‘விழுங்குக’ என்று எழுதிவைத்திருக்கிறேன். சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. அனைவருக்கும் மீண்டும் நன்றி.

---

குறடு எழுதியது:

மகிழ்ச்சி. வழவழப்பும் இன்னும் சில நாளில் போய்விடும்.

ஆனால் உங்கள் கடைசி வரிக்கு முந்தைய வரியைச் சுழித்துவிட்டேன். முடியவில்லை. குழாய்க்குள் வைத்திருப்பது மருந்து, மேலே இருப்பது தற்காலிக அடைப்பு. குழாயை நிரப்பி, பல்லுக்கு மேலுறை போடும்வரை அந்தப் பக்கம் எதையும் மெல்லாதீர்கள். வலி நின்றதும் அடுத்த தடவைக்குப் போகாமல் விட்டு, ஆறு மாதம் கழித்துப் பல் பிளந்து வந்தவர்களும் என் திங்கட்கிழமைக் காலைகளில் உண்டு. அடுத்த வருகை என்றைக்கு?

---

மெய்ப்புக்காரன் எழுதியது:

வியாழக்கிழமை. பத்தரை மணி. நாட்காட்டியில் குறித்தாகிவிட்டது.